திரும்பி வந்த டப்பாக்கள்

நவம்பர் 18, செவ்வாய்

இன்று பதினோரு டப்பா வழித்தேன்.

சித்தி வீட்டிலேயே க்ரீம் செய்து விற்கிறாள். தீர்ந்ததும் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அடியில் ஒட்டியிருப்பதை நான் ஸ்பூனால் வழித்து வாளியில் போட வேண்டும். சித்தி அதன் மேலேயே புதிதாகக் கலக்கியதைக் கொட்டிக் கிண்டி, அதே டப்பாக்களில் நிரப்பி, "குளிர்கால ஸ்பெஷல்" என்று ஒட்டுவாள்.

ஒவ்வொரு டப்பாவிலும் யாரோ ஒருவருடைய விரல் தடம். ஒன்றில் இமைமுடி. இன்னொன்றில் உரிந்த தோல். உவ்வே. சாப்பிடும்போது அந்த ஸ்பூன்தான் ஞாபகம் வந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

"கழுவிட்டு ஊத்தலாமே சித்தி?" என்று கேட்டேன்.

"கழுவினா ஈரம் நின்னு கெட்டுப்போயிடும். வந்துட்டா பெரிய விஞ்ஞானி!"

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இந்த நோட்டு சித்தி கையில் கிடைத்தால் தொலைந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் எண்ணெய் வழிகிறது. கன்னங்கள் மட்டும் இந்தக் குளிருக்குக் காய்ந்து வெடித்திருக்கின்றன. சித்திக்கு இது பெரிய வசதி. "ஒரே மூஞ்சியில ரெண்டு கஸ்டமர்!" என்று சிரிப்பாள். காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு விரல் எடுத்து என் மேல் தேய்த்துப் பார்ப்பாள். வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று. விரலில் மிஞ்சியதை வாளி விளிம்பிலேயே வழித்துவிடுவாள். என் முகத்தில் பட்ட விரல்!

முதல் பீரியட் முடிவதற்குள் மூக்கில் வெண்ணெய் உருகியது போல. கன்னம் எரிந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "என்ன பாம்பே, சட்டை உரிக்கிறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குண்டூசி மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவு ஒல்லி என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வகுப்பில் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

நவம்பர் 23, ஞாயிறு

வாளி மூடிக்கு அடியில் பச்சையாகப் பூஞ்சை. கத்திவிட்டேன். சித்தி வந்து பார்த்தாள், நகத்தால் சுரண்டி எறிந்தாள், கிண்ட ஆரம்பித்தாள்.

"ஒரு புள்ளிக்காக ஒரு வாளியவே கொட்டச் சொல்றியா?"

அம்மா அங்கேதான் நின்றாள். அக்காக்காரி அவள்தான், ஆனால் தங்கை வீட்டில் இருக்கிறோமே. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஒரு ரூமை விட்டா நமக்கு வேற போக்கிடம் இல்ல கண்ணு. வாயைத் திறந்துடாதே" என்றாள். சலவைக்கூடத்தில் துணி துவைத்து சோப்பில் வெந்துபோன கையால் என் தலையைத் தடவினாள்.

அம்மா மேலும் எனக்கு அருவருப்பு வந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

இடது கன்னத்தில் நீர் கசிகிறது. ஸ்கூல் விட்டதும் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் கண்ணாடி போட்ட அக்கா என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா போடறே?"

"வீட்ல செய்யறது."

"முதல்ல அதை நிறுத்து. உன்னோடது ரெண்டுங்கெட்டான் தோல். கெட்டியானதைப் போட்டா மூக்கு வழியும், ஒண்ணும் போடாம விட்டா கன்னம் வெடிக்கும். வாசனை இல்லாததா, லேசா, ஒண்ணு எடுத்துக்கோ. முகம் கழுவினதும் ஈரம் காயறதுக்குள்ள முகம் முழுக்கப் போடு. கன்னத்துக்கு மட்டும் மேல இன்னொரு தடவை. அவ்வளவுதான் வித்தை. புண் ஆறலைன்னா டாக்டர்கிட்ட போ."

சாம்பிள் பாக்கெட் நாலு கொடுத்தார். ஜியோமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கவனித்தேன். சித்தியின் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது கடையில் வாங்கிய டியூப். அவள் தன் க்ரீமை ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை.

நவம்பர் 28, வெள்ளி

குண்டூசி ரீசெஸில் சொன்னாள்: "எங்க தம்பிப் பாப்பாவுக்குக் கன்னம் வெடிச்சுப்போச்சுடி. அம்மா நேத்து உங்க சித்திகிட்ட ஒரு டப்பா வாங்கினாங்க. குழந்தைக்கும் போடலாம்னாங்களாம்."

அந்தப் பூஞ்சை வாளி. நான் வழித்தது.

சொன்னேனா? இல்லை. பெல் அடித்துவிட்டது — ச்சீ, பொய். பெல் அடிப்பதற்கு நேரம் இருந்தது. பயந்துவிட்டேன். ஏழு மாதக் குழந்தை.

நவம்பர் 29, சனி

போய்ச் சொல்லிவிட்டேன்.

குண்டூசியின் அம்மாதான் கதவைத் திறந்தார். இடுப்பில் குழந்தை, கன்னத்தில் வெள்ளையாக அந்தச் சனியன். "அதைப் போடாதீங்க ஆன்ட்டி, அதுல எல்லார் வீட்டு மிச்சமும் இருக்கு, பூஞ்சை இருந்துச்சு, நான்தான் வழிச்சேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்றார்.

என் பேரைச் சொல்லாதீங்க என்று கெஞ்ச வாய் வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

வந்தார். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனார். என் பேர் அதில் வரவில்லை. ஆனால் சித்திக்குத் தெரியாதா?

"என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என் பொழப்புலயே மண்ணள்ளிப் போடறியாடி?" கை ஓங்கினாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அம்மா நடுவில் வந்தாள். அந்த டப்பாவைத் திறந்து சித்தி முன்னால் நீட்டினாள்.

"நல்ல க்ரீம்தானே? ஒரு விரல் எடுத்து உன் மூஞ்சியில போடு."

"என்னக்கா, என்கிட்டயே…"

"போடுடி."

சித்தி டப்பாவைப் பார்த்தாள். கை வரவில்லை.

"எம் பொண்ணு மூஞ்சியில மட்டும் போடலாமா?" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. பிறகு உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள்.

டிசம்பர் 6, சனி

சலவைக்கூடத்துக்கு மேலே ஒரு ரூம், அம்மா முதலாளியிடம் கேட்டு வாங்கியது. தரை சூடாக இருக்கிறது, சோப்பு வாடை அடிக்கிறது. கன்னம் எரியவில்லை. ஆனால் எந்த மூடியைத் திறந்தாலும் விரல் தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

முகம் கழுவியதும் அம்மாவே புது டியூபைப் பிதுக்கித் தடவிவிட்டாள். முகம் முழுக்க ஒரு தடவை. கன்னத்துக்கு மட்டும் மறுபடி. விரலில் மிஞ்சியதைத் தன் வெடித்த புறங்கையில் தேய்த்துக்கொண்டாள்.

நான் நோட்டோடு போர்வைக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இருட்டுல என்னத்தை எழுதறே? கண்ணு கெட்டுடும். வெளிய வந்து உக்காரு" என்று விளக்கைப் போட்டாள்.