வாயைக் காலியாக வைத்துக்கொண்டு வந்தவர்கள்

அக்கா,

இன்று காலை அடையாறு பாலத்தின்மேல் பஸ் நின்றுவிட்டது. தண்ணீர் வற்றியிருந்த நேரம். ஜன்னல் வழியாகக் கழிச் சேற்றின் வாடை ஏறி வந்தது. பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். "சேத்த மோந்தாதான் என் ஞாபகம் வருதா? மல்லிப்பூவ மோந்தா வராதா?" என்று கேட்பாய். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல உன் மருமகள் எழுதுகிறாள்.

கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியில் இறால், நம் பேச்சில் எறா, தடவுவது நம் இருளர் வீட்டுப் பெண்களின் வேலை. கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவீர்கள். அகப்படுவதைப் போட ஓலைப் பறி. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டால்தான் இரண்டு கையும் வேலைக்கு உதவும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அவ்வளவு வாயாடி நீ, தண்ணீரில் இறங்கினால் மட்டும் ஊமை. "உம் பொண்டாட்டிக்கும் ஒரு பறி வாங்கிக் குடு நைனா, ஊட்ல நிம்மதியா இருப்ப" என்று என்னைக் கேலி செய்வாய். சினை எறா கையில் பட்டால் விட்டுவிடுவீர்கள். அலையாத்தி மரத்தின் வேரை ஒருத்தியும் ஒடித்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் நம் சாமி கன்னியம்மாவுடையது என்பீர்கள்.

கேபிள் டிவி வந்த புதிது. நான் ஆழ்வார்பேட்டையில் தோட்ட வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கரையில் ஜீப் வந்து நின்றதாம். அதிகாரி ஒருவர் இறங்கி, "இங்க மண்ணு கொட்டி மேடாக்கப் போறோம். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?" என்று தண்ணீரில் இருந்த உங்களைக் கேட்டாராம். எல்லோர் வாயிலும் பறி. 'இருங்க, வரேன்' என்று நீ கையை ஆட்டினாய். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் லாரிகள் வந்தன. இடித்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கழியில் விழுந்தன. கேட்கப் போனால் மேஸ்திரி, "அன்னிக்கே கேட்டாங்களே. நீங்க யாரும் வேணாம்னு சொல்லலியே" என்றான். வீட்டுக்கு வந்து பறியைத் தரையில் அடித்தாய். "கையாட்னா சம்மதமாடா? அவனும்தான் ஆட்னான்!"

அந்த மாசிப் பௌர்ணமிக்கு, மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவைக் கும்பிட நம் சனமெல்லாம் கூடியது. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பெண் பார்த்தார்கள். நீ மணலில் கிழவிகளைச் சேர்த்தாய். முட்டுக்காடு, கோவளம் எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று தெரிந்தது. "நம்ம சொன்னா எவன் கேப்பான்?" என்றாள் ஒரு கிழவி. "கேக்காட்டிப் போறான். நீ வாயக் காலியா வெச்சிக்கினு வந்து சேரு, அது போதும்" என்றாய்.

வந்தார்கள் அக்கா. பஸ் மாறி வந்து, பறி இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் லாரிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அன்று நானும் கரையில் இருந்தேன். அதே அதிகாரி வந்து, "இன்னாம்மா பிரச்சனை?" என்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தீர்கள். அவர், "ஒவ்வொருத்தரா பேசுங்கம்மா!" என்று கத்தினார்.

"அன்னிக்கு பேசாதத சம்மதம்னு எடுத்துக்கினியே சார். இன்னிக்கு இவ்ளோ பேரு பேசறோமே, இத இன்னான்னு எடுத்துக்கப் போற?" என்றாய் நீ.

லாரி டிரைவர் சிரித்தே விட்டான்.

மறுநாளும் நின்றீர்கள், அதற்கடுத்த நாளும். நீங்கள் விற்கப் போகும் அபிராமபுரம் வாசல்களுக்கு எறா போகவில்லை. நம் வீடுகளில் கஞ்சிதான். கடைசியில் அலையாத்தி மரங்கள் நிற்கும் வளைவுக்கு அந்தப் பக்கத்தோடு கொட்டுவதை நிறுத்தினார்கள். கொட்டியது கொட்டியதுதான். அதன்மேல் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. "பாதி பூட்ச்சி, பாதி கீது" என்று சொல்லிவிட்டு மறுநாள் பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாய். சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

அன்று நின்ற கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன மழைக்கு நீயும் போனாய். மிச்சமிருக்கும் கழியில் சாக்கடை கறுப்பாக ஓடுகிறது. நம் பெண்கள் அந்த அடுக்குமாடியிலேயே பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். குறை சொல்லவில்லை, எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒருவன் டேப்போடு வந்து வளைவை அளந்தான். "பெரியவரே, இங்க யாராவது வராங்களா?" என்றான்.

"வராங்க. இங்க மண்ணு கொட்றதுல ஆட்சேபணையும் கீது."

"யாருக்கு?"

உன் பேரைச் சொன்னேன். முட்டுக்காட்டுக் கிழவியில் தொடங்கி அத்தனை பேரையும் சொன்னேன். ஒரு பேர்கூட மறக்கவில்லை.

"இவங்கல்லாம் எங்க இருக்காங்க?"

"தண்ணில கீறாங்க. கை வேலையா கீறாங்க, அதான் பேசல."

அவன் தண்ணீரை எட்டிப் பார்த்தான். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான். திரும்பி வருவான். முட்டிவலி என்னை விடுவதில்லை. ஆனாலும் தினமும் போய்க் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன் அக்கா. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.