கோதை எறியும் துவக்கும் எறியாத துவக்கும்

இரும்புப் பெட்டகத்தைத் திறந்ததும் துவக்கு எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. என் பழைய ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் பக்கத்தில் உன்னுடைய இரட்டைக்குழல் துவக்குகள் இரண்டும் சாய்ந்து நிற்கின்றன, மச்சான். உன் மனைவியிடம் உரிமம் இல்லாததால், நீ இறந்துபோன பிறகு என்னிடம் தந்திருக்கிறார். "ஒண்டை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. மற்றதை வித்துவிடுங்கோ" என்றார். நாளை துவக்குக் கடையில் டெர்மின், நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். எதை வைத்திருப்பது, எதைக் கொடுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குப் பிடித்ததை விற்றுவிடுவேனோ என்றுதான் பயம்.

ஒன்று எஜெக்டர். சுட்டுவிட்டுத் திறந்தால் தோட்டாவின் வெறுங்கோதைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிடும். மற்றது எக்ஸ்ட்ராக்டர்; கோதைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கொடுக்கும், மிச்சத்தை நம் விரல்தான் இழுக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம்?

பீலெஃபெல்டு நகருக்கு வெளியே, வாத்து வேட்டைக்குப் போன குளக்கரையில் நீ அடித்துச் சொன்னாய்: "எஜெக்டர்தான் மச்சான். நீ கோது இழுக்குமட்டும் தாராக்கூட்டம் காத்துக்கொண்டு நிக்காது." சொல்லிக்கொண்டே சுட்டாய், திறந்தாய். பறந்த கோது பின்னால் வந்துகொண்டிருந்த வேட்டைத் தலைவரின் தொப்பியில் போய் விழுந்தது. அவர் முகம் மாறாமல் அதை எடுத்து உன்னிடம் நீட்டினார். கோதை வெளியில் விட்டுப்போகக் கூடாது என்பது இங்குள்ள ஒழுங்கு அல்லவா!

அன்று முதல் துவக்கைத் திறக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் பொத்திக் கோதைப் பிடித்தாய். பிறகு எறிகிற துவக்கு எதற்கு என்று கேட்டேன். அடுத்த பருவத்துக்கு எக்ஸ்ட்ராக்டரோடு வந்து நின்றாய். "புல்லுக்குள்ளை குனிஞ்சு கோது தேட ஏலாது. இதுதான் மனுசருக்குச் சரி" என்றாய். அப்பாடா, ஒரு முடிவு வந்தது என்று நினைத்தேன். அடுத்த வேட்டைக்கு மறுபடியும் எஜெக்டர்! ஏனடா என்றால், "பொறு, யோசிக்கிறன்" என்றாய். உன்னை நம்பி ஒரு கருத்தைப் பிடித்தால் அதை நீயே பறித்துவிடுவாய்.

வேறு வழி தெரியாமல் இன்று உன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அவனுக்கு உண்மையா எது பிடிச்சது தங்கச்சி?"

உன் மனைவி சொன்னார்: "ஒண்டு உங்களுக்கெண்டு வாங்கினது அண்ணை. உங்கட வாற அறுபதாவது பிறந்தநாளுக்கு. இனியும் அந்த ஒற்றைக்குழலோடை திரியக்கூடாதாம். நல்லதை உங்களுக்குத் தரவேணும், எது நல்லதெண்டுதான் தெரியேல்லை எண்டு மாறி மாறிக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தவர்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. படுபாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எனக்கு எதுவும் சரிதான் என்று சொல்லியிருப்பேனே.

டெர்மின் வேண்டாம் என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன். எது உன்னுடையது, எது என்னுடையது என்றே தெரியாமல் எதை விற்பது? சனிக்கிழமை தாரா வேட்டை இருக்கிறது. இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எதைக் கொண்டு வர, மச்சான்?