கோயில் மண்டபத்தில் நான் சொன்ன எழுத்துகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். உங்கள் தலைவலி எப்படி? நேற்று கண்டியில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டேன். சின்னக் குறைதான், பயப்பட வேண்டாம். எழுத்துகளை வாசிக்க நான் தடுமாறியபோது, பரிசோதித்த பெண்மணி, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ஊகிச்சுச் சொன்னா கண்ணாடி சரியா வராது" என்றார்.

நம் கோயில் மண்டபத்துக் கண் முகாமில் நீங்கள் திணறியபோது, வரிசையில் நின்றவர்களுக்கு முன் வெட்கப்பட்டு, எழுத்துகளை உங்கள் காதில் சொன்னது நான்தானே. தலைவலிக்கு வயதுதான் காரணம் என்று நீங்கள் சொல்ல, பேசாமல் இருந்துவிட்டேன். முகாமில் தந்த அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். மறுபடி கண் பரிசோதிக்கச் சனிக்கிழமை இங்கே பஸ் ஏறி வாருங்கள். அம்மாவின் சீனிச் சம்பல் கொஞ்சம் வேண்டும். கடைச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் வாசிக்கப் பெரிதாக எழுதியதில் தாள் முடிந்துவிட்டது. இந்த முறை நான் வெளியே நிற்கிறேன், அப்பா.

மகள் ஷெரோன்