செம்பூர் வீட்டைப் பார்க்க ஆள் வந்தது

பிரியமுள்ள அத்தானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நம் செம்பூர் வீட்டு வாசலில் நின்றேன். மனைவியோடு வந்த ஒருவர் என்னை வேலையாள் என்று நினைத்து, "மாலிக் ஹை?" என்று வீட்டு முதலாளியைக் கேட்டார். நானும் பழக்கத்தில், "அந்தர் ஹை", உள்ளேதான் இருக்கிறார் என்று சொல்லி, உங்களைக் கூப்பிட உள்ளே திரும்பிவிட்டேன். நடுக்கூடம் வரை போன பிறகுதான் நீங்கள் கண்ணை மூடிப் போய்விட்டது உறைத்தது.

வந்தவர் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழ் ஆபீஸர், வீடு வாங்க வந்தவர். அக்கா வீட்டை விற்கப் பார்க்கிறாள், அத்தான். "தனியா அங்க என்ன செய்யுத?" என்று மதுரையிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். தனியாகவா? பின்கட்டில் நானும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் போடும் சத்தம் யார் காதிலும் விழவில்லையா?

சுற்றிக் காட்டும் வேலை என் தலையில். எட்டாவது தாண்டாத எனக்கு இந்த வீட்டுச் சரித்திரம் மட்டும் மனப்பாடம். கட்டியவர் கோவாக்காரர், அவர் சிலுவை வைத்த மாடத்தில்தான் நம் பிள்ளையார். அவரிடம் வாங்கிய சிந்திக்காரர் ஊஞ்சல் கொக்கி மாட்டினார். சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் நீங்கள் வாங்கினீர்கள். வாங்கிய கையோடு, "நீயும் மூட்டையைக் கட்டுல" என்று தாராவியிலிருந்து எங்களையும் கிளப்பினீர்கள்.

ஸ்டேஷன் பத்தே நிமிஷம் என்று கோவாக்காரர் சிந்திக்காரரிடம் சொன்னாராம். அவர் நம்மிடம் சொன்னார். நானும் சொல்லிவிட்டேன். ஓடினாலும் வராது என்பது நமக்குத் தெரியாதா?

வியாபாரத்தைக் கெடுக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் வாய் தானாக ஓடியது. "கெணறு வத்துனதே இல்லம்மா. பால் சென்டர் முக்குல. ரோட்டத் தாண்டுனா தமிழ்ப் பள்ளிக்கூடம்."

"ஏதோ கெரசின் வாசனை வர்றதே?" என்றார் ஆபீஸர். பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை அவரே கண்டுபிடித்துக் கொடுத்தும் நான் விடவில்லை. "காத்து திரும்புனா மல்லிப்பூ வாசந்தான் சார்."

"மல்லிப்பூவா? எந்த மரத்துல, ஏல?" என்று அடுக்களையிலிருந்து அக்கா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. வரும் ஞாயிறு வக்கீலோடு வருகிறார்கள்.

அவர்கள் போனதும் அக்கா கேட்டாள்: "ஏல, நீ சொல்லு. விக்கவா, வேண்டாமா?"

வேண்டாம் என்றால், அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்ட தம்பி கூரைக்காகப் பேசுகிறான் என்பார்கள். ஊர் கிடக்கட்டும். அவளுக்கே அப்படித் தோன்றிவிட்டால்?

"ஒன் வீடு, ஒன் இஷ்டம்க்கா" என்றேன். அவள் எல்லோருக்கும் சேர்த்து அரிசி களையப் போனாள்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடக்கிறேன். "சாவி குடுத்த பொம்மையா நீங்க?" என்கிறாள் பெண்டாட்டி. நேற்று தாராவிக்குப் போய் நாம் முன்பு குடியிருந்த சால், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகள் பக்கம் ஓர் அறை பார்த்து வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன், அத்தான். அவள் போவதென்றே முடிவானால் மதுரை வரை நானே கொண்டுபோய் விடுவேன். ரயிலில் முகத்தைத் தொங்கப்போட மாட்டேன். ஆனால் அன்று அவளிடம் சொல்லாமல் விட்டது இதுதான்:

வீட்ட வித்துப்போடுக்கா. நீ மட்டும் போவாத. ஒத்த ரூமா இருந்தாலும் எங்ககூட வந்து இரு.

என்றும் உங்கள் மச்சினன்,
மாடசாமி