வேலிக்குள் கிடக்கும் ஒன்பதடி

ஊர்காவற்றுறை
12.10.2025

அன்பு மகள் கிருசாந்திக்கு,

நயினை அம்மன் புண்ணியத்தில் நானும் உன் சித்தி அன்னபூரணமும் நல்ல சுகம், நீயும் மருமகனும் அந்தக் கனடாக் குளிருக்குள் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன். சித்திக்கு முழங்கால் நோ குறைவு. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், போன கிழமை பிரதேச சபையில் நான் எழும்பிப் பேசியதைத்தான் காரைநகர் வரைக்கும் சனம் கதைக்கிறது.

விஷயம் இதுதான் பிள்ளை. உன் சீதனக் காணிக்குப் பின்னால் ஓடுகிற வெள்ளவாய்க்காலுக்கு அங்கால் கிடக்கிற வெறுங்காணியைக் கொழும்பு ஆட்கள் வாங்கி, இருபத்திரண்டு துண்டாகப் பிரித்து வீடு கட்டி விற்கப் போகிறார்களாம், அனுமதி கேட்டுச் சபைக்குப் படம் கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு மலசலகூடக் குழியும் வாய்க்கால் ஓரத்தில். அந்த மழைத்தண்ணீர் ஊறித்தான் எங்கள் நல்ல தண்ணீர்க் கிணறு இனிக்கிறது, மற்றக் கிணறெல்லாம் உவர், அறுபது வீடு அதில்தான் குடிக்கிறது. விசாரணைக்கு ஆயிரம் பேர் வந்தார்கள், சித்தி நாற்பது என்பாள், அவள் முன்வரிசையில் இருந்தவள், பின்னுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் சட்டத்தை அங்கால் இங்கால் பிரட்டிப் பேச, தலைவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஆனால் கொழும்பு ஆட்களுக்காகப் பேச வந்தவன் அசையவில்லை. பெரிய வாய்க்கால் என்றால்தான் கரையோரம் குழி வெட்டாமல் இடம் விடவேண்டுமாம், இது வெறும் மூன்றடிச் சின்னக் கான் என்றான். சர்வேயர் அளந்து கொண்டுவந்த கணக்கும் மூன்றடிதான். பழைய படத்தை விரித்தார்கள், அதில் பன்னிரண்டடி. மிச்ச ஒன்பதடி எங்கே என்று தலைவர் கேட்டார். பக்கத்து வளவு எமிலியானுஸ் அண்ணை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

உன் அப்பா கண்ணை மூடினபின் காணியைப் பார்த்தவன் நான்தானே. வேலியடைக்கும்போது வருடம் ஒரு சாணாகக் கதியால் தடிகளை வாய்க்கால் பக்கம் தள்ளி நட்டேன், பன்னிரண்டு வருடம். காணி உறுதிப் பத்திரத்தில் நாலு பரப்பு, மாப்பிள்ளை வீட்டாருக்கு நாலரை என்று சொன்னேன், உன்னைக் குறைவாக நினைக்கக் கூடாதென்று. அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அனுமதி அந்த இடத்திலேயே கிடைத்திருக்கும். எழும்பினேன், "ஐயா, அந்த ஒன்பதடி என்ர வேலிக்குள்ள கிடக்கு" என்றேன். சனம் கைதட்டியது என்று எழுத ஆசைதான், ஒருவரும் தட்டவில்லை. வெளியில் வந்தபிறகு எமிலியானுஸ் அண்ணை, "வாய்க்கால் காய்ச்சல் வந்து மெலியுது எண்டெல்லோ நான் நினைச்சனான்" என்றார். இந்தக் கிழமை முழுக்க அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இனி உன் கையில் இருக்கிறது. காணி உன் பேரில், ஆகவே வேலியைப் பழைய எல்லைக்கு எடுக்கச் சம்மதம் என்று நீ கையெழுத்து வைத்த கடிதம் அடுத்த மாதம் இருபதாம் திகதிக்கு முன் சபைக்கு வரவேண்டும், போனில் படம் அனுப்பினால் ஏலாதாம். வராவிட்டால் மூன்றடிதான் கணக்கு, குழி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். மூன்று தென்னையும் அந்த ஒன்பதடியோடு போகும், அதில் மனம் வைக்காதே. நான் உன் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை, நேற்றே கதியால் பிடுங்கத் தொடங்கிவிட்டேன், சித்தி வேலியில் கட்டிய கிடுகு ஓலையை அவிழ்க்கிறாள், மழைக்கு முன் முடிக்கவேண்டும்.

நீயும் மருமகனும் குறைவில்லாமல் வாழவேண்டும். விரைவுத் தபாலில் அனுப்பு, கையெழுத்து உறுதியில் உள்ளதுபோல் இருக்கட்டும். சபையில் சொன்னதை மருமகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது நாலு பரப்புத்தான் என்று நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
பாலசிங்கம்