அக்காவின் வலி யாருக்கு

அத்தான்,

தபசுக் காலத்தில் கோயிலில் ஆண்டவர், மாதா சொரூபங்களுக்குப் போர்த்துகிற ஊதாத் துணி அங்கங்கே கிழிந்துவிட்டதாம். தைத்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. உபதேசியார் உத்தியோகத்துக்கென்று நீங்கள் போட்டுக்கொண்டு திரிந்த கறுப்புக் கோட்டிலும் இதே நெடிதான். செத்தவர்களை நினைத்தால் கண் கலங்கும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்த வருஷத்தைச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வலிக்கு என்று, மருந்து கட்டுகிற டிரெசர் ஒரு புட்டியில் அபினிச் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார். நீங்கள் அதை வாங்கி அலமாரி மேல்தட்டில் வைத்தீர்கள், வைத்ததோடு சரி. "வலியை வீணாக்காதே" என்றீர்கள். ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுத்தால் அது பிறருக்குப் பலன் தருமாம்.

அப்புறம் ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தீர்கள். பூசை முடிந்ததும் குறை உள்ளவர்கள் கடைக்கு மேலே இருந்த உங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். இன்னாருக்காக என்று பூசைக்குக் கருத்துச் சொல்வதுபோல, இன்றைய வலி இன்னாருக்கு என்று கட்டிலருகே நின்று நீங்கள் ஜெபிப்பீர்கள். அக்கா தலையசைப்பாள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. பெண்டாட்டியின் நோவை ஊருக்குப் பங்கு போட்ட மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வந்தார். பத்து காவான் என்கிற தோட்டத்தில் அவர் மனைவி குளிர்காய்ச்சலில் கிடந்தாள். அன்றைய வலி அவளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மத்தியானம் அக்கா தலையணையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். என்னால் தாங்க முடியவில்லை. புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாம்மா. இன்னைக்கு வலி அந்த மூட்டை தூக்குறவரு பொண்டாட்டிக்குன்னு சொல்லியாச்சு. நான் குடிச்சா அந்தப் புள்ள செத்துடும்."

அதோடு விடவில்லை. என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, தெரியாமல்கூட மருந்தைக் கலந்து கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். தான் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் பத்து காவானில் ஒருத்தி செத்துப்போவாள் என்று நம்பினாள், அத்தான். அதை அவள் மண்டைக்குள் ஏற்றியது நீங்கள்.

அந்தப் பெண் பிழைத்தாள். அவள் புருஷன் வாழைத்தாரோடு வந்து அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டார். பேச்சுவாக்கில், தோட்டத்து டிரெசர் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்ததையும் சொன்னார். அது உங்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. நோயாளிகளைக் கண்ட இடத்திலெல்லாம் ஆண்டவர் குணமாக்கினாரே, ஒருவரிடமாவது நோவை வைத்துக்கொள், உதவும் என்று சொன்னாரா என்று கேட்டேன். சிலுவையில் மயக்க மருந்து கலந்த திராட்சை ரசத்தை அவரே வாங்கவில்லை என்றீர்கள். அதற்கு முந்தின இரவு, ஒலிவத் தோட்டத்தில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவரும்தானே கெஞ்சினார் என்றேன். பொம்பளை பேசுகிற பேச்சா இது என்று எழுந்து போய்விட்டீர்கள். அக்கா கதறிக் கதறிச் செத்தாள். அதற்கு நல்ல மரணம் என்று பேர் வைத்தீர்கள்.

உங்களுக்கு ஈரலில் நோய் கண்டபோது, பிள்ளைகுட்டி இல்லாத உங்களுக்குக் கஞ்சி காய்ச்ச நான்தான் வந்தேன். பாசத்தால் வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். வேடிக்கை பார்க்க வந்தேன். இரண்டே நாளில் மருந்துக்குக் கெஞ்சுவீர்கள், அப்போது நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் கெஞ்சவே இல்லை. டிரெசர் கொடுத்ததைத் தொடவும் இல்லை. உங்களை வேஷக்காரர் என்று திட்டுகிற சந்தோஷத்தைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனால் உங்கள் முனகலைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க முடியவில்லை. சத்தியம் அக்காவுக்குத்தான் செய்திருந்தேன், உங்களுக்கு இல்லை. கஞ்சியில் சொட்டு மருந்தைக் கலந்து, கசப்புத் தெரியாமல் இருக்க ஊறுகாயைத் தாராளமாக வைத்தேன். குடித்துவிட்டு அசந்து தூங்கினீர்கள். காலையில் என்னைக் கூப்பிட்டீர்கள். முகம் கழுவிவிட்டது போல இருந்தது.

"ஒங்க அக்கா மேல இருந்து எனக்காக வேண்டிக்கிட்டா. வலியே இல்ல பாரு."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கடைசி நாள் வரை கஞ்சியில் கலந்து கொண்டே இருந்தேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தீர்கள். உபதேசியாருக்குக் கிடைத்த வரத்தைப் பற்றிப் பெண்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை, அது பாவமென்று எனக்குத் தோன்றவில்லை.

வலி விட்ட முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அத்தான். அதை உங்கள் முகத்தில்தான் பார்த்தேன். அக்கா முகத்தில் பார்க்கவில்லை.