ஆம்பளைங்க மீன் வித்த நாள்

மேனாம்பேடு
ஆடி 14, புதன்கிழமை

கண்ணு சுரேகாவுக்கு உங்க அம்மா எழுதறது. இங்க நானும் உங்க நைனாவும் ஒரு கொறையும் இல்லாம கீறோம், அந்த மஸ்கட் வெயில்ல நீயும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம கீறன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி. இன்னாடா இது, போன் இருக்கச்சொல்லோ அம்மா பேப்பர்ல எழுதறாளேன்னு சிரிக்காத. போன்ல சொன்னா உங்க நைனா பக்கத்துலயே குந்திகினு காது குடுப்பாரு. உன்கூட எட்டு மாசமா பேசலன்னு பேரு, ஆனா நீ சாப்டியான்னு நான் கேட்டா, இன்னா சாப்டான்னு கேளுன்னு கையால ஜாட காட்டுவாரு. அதான் லீவு முடிஞ்சு வர்ற உன் பிரண்டு ரியாகிட்ட இத குடுத்தனுப்பறேன்.

நீ கட்டிக்கணும்னு நிக்கிற செல்வகுமாரோட அம்மா ஞானம்மா போன வாரம் போன் பண்ணி, எங்க குப்பத்துல ஆடிக் கூழு ஊத்துறோம், மறுநாள் ஒரு கூத்து கீது, அவசியம் வாங்கக்கான்னு கூப்டாங்க. நான் உங்க நைனாகிட்ட பயந்துகினே சொன்னேன். போலாம், இந்த சம்பந்தம் வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடலாம்னாரு. நாம நெலத்துக்காரங்க, அவங்க கடல் ஜனம், ஒத்து வராதுன்னு அதே பாட்டு. நம்ம நெலம் முழுக்க இப்ப பிளாட்டா நிக்குது, நமக்குன்னு மிஞ்சினது ஒரு தென்ன மரம், அதுல தேங்காயும் இல்ல, அத யாரு அவருக்குச் சொல்றது. அவரு கஞ்சி போட்ட வேட்டி கட்டிகினாரு, செங்குன்றம், பொன்னேரின்னு மூணு பஸ் மாறிப் போனோம், வழி பூரா வாய்க்குள்ளயே பேசிப் பாத்துகினு வந்தாரு. அவங்க ஊட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு எனக்கு வேற கண்டிசன்.

அந்த ஊரு கூத்து இன்னான்னா, வருசத்துல அன்னிக்கு ஒரு நாள் ஆம்பளைங்கதான் கூடை வெச்சிகினு மணல்ல குந்தி மீன் விக்கணும், பொம்பளைங்க வந்து பேரம் பேசணும். வாங்கறதுக்கு முன்ன மீன்ல எதாச்சும் ஒரு கொற சொல்லியே ஆவணும். விக்கிறவருக்குக் கோவம் வந்தா தலையில ஒரு பக்கெட் கடல் தண்ணி. விருந்தாளி ஆம்பளையும் தப்ப முடியாது. இவரு சொல்ல வந்தத சொல்றதுக்குள்ள நாலு பேரு புடிச்சி குந்த வெச்சி, தலையில சும்மாட கட்டி, முன்னால செல்வகுமாரு அப்பா அன்னிக்குப் புடிச்சாந்த சங்கரா மீன் கூடைய வெச்சிட்டாங்க. முப்பது வருசமா அம்பத்தூர் மார்க்கெட்ல நாறுன மீனா பாத்து வாங்கியாந்து என்கிட்ட திட்டு வாங்குன மனுசன், செவுளத் தூக்கிக் காட்டி வியாபாரம் பண்ணாரு பாரு! கண்டக்டரா இருந்த தொண்டையாச்சே, முன்னாடி வா, முன்னாடி வா, வழிய மறைக்காதன்னு கத்துன கத்துல பாதிக் கூடை காலி. சொல்ல வந்தத அவரு மறந்தே போனாரு.

அப்பதான் ஞானம்மா வந்தாங்க. இவரு குனிஞ்சி மீன அடுக்கிகினு இருந்தாரு, மூஞ்சியப் பாக்கல. அவங்களும் ஊரு வழக்கத்துக்கு, இன்னா இது, பழைய மீனா கீதே, நாத்தம் தாங்கலன்னாங்க. உங்க நைனாவுக்கு வந்துதே கோவம். யாரப் பாத்து நாத்தம்ங்கற, எங்க சம்பந்தி விடிகாலைல கடலுக்குப் போயி புடிச்சாந்த மீனும்மா இதுன்னு ஒரே கத்தல்! சொன்னப்புறம்தான் நிமிர்ந்தாரு. எதிர்ல சம்பந்தியம்மா. ஞானம்மா சிரிக்கலடி, கண்ணு தளும்பிடுச்சி. இன்னா சொன்னீங்கண்ணா, இன்னொரு தபா சொல்லுங்கன்னு கேட்டாங்க. இவரு கூடையில இருந்து ஒரு மீன எடுத்து நீட்டி, சம்பந்தின்னுதான் சொன்னேன், வாங்கறதுன்னா வாங்கும்மான்னாரு. அவ்ளோதான், பொம்பளைங்க எல்லாம் குலவ போட்டுகினே பக்கெட்டக் கவுத்துட்டாங்க. வேட்டியில இருந்த கஞ்சியெல்லாம் வங்காள விரிகுடாவுக்குப் போச்சி. மத்தியானம் செல்வகுமாரு அப்பா லுங்கியக் கட்டிகினு, அவங்க ஊட்டுலயே மூணு தபா கொழம்பு வாங்கி சாப்டாரு. கை நனைக்கக் கூடாதுன்னியேன்னு கேட்டேன், ஒடம்பே நனைஞ்சிப் போச்சி, கை மட்டும் இன்னாத்துக்குன்னாரு.

திரும்பி வரச்சொல்லோ பஸ்ல ஜன்னலப் பாத்துகினே, ஒரு வார்த்தைக்கு அந்தம்மா அழுதுது பாத்தியா, அந்த ஊட்டுல நம்ம பொண்ணு நல்லா இருக்கும்னாரு. ஆவணியில பூ வெச்சி நிச்சயம் பண்ண வரச் சொல்லியாச்சி. லீவுக்கு இப்பவே எழுதிக் குடு, கடைசில அழுதுகினு நிக்காத. செல்வகுமாருக்கும் சொல்லு, ஆனா ரொம்ப ஆடக் கூடாதுன்னும் சொல்லு. தண்ணி நெறைய குடி, நைட் டூட்டிக்கு வெறும் வயித்துல போவாத.

கங்கையம்மா உங்க ரெண்டு பேருக்கும் தொண நிப்பா, நெறஞ்ச ஆயுசோட நல்லா இருங்க. ஒண்ணு மட்டும் மறக்காத, வீம்பு புடிச்ச மனுசன், அவரா போன் பண்ண மாட்டாரு. நீயே அவரு நம்பருக்குப் பண்ணு. நைனான்னு கூப்டு, அது போதும். அந்தப் பக்கம் சத்தமே வரலன்னா லைன் கட்டாச்சின்னு நெனச்சி வெச்சிடாத, கொஞ்ச நேரம் காத்துகினு இரு.

உன் அம்மா,
வே. கன்னியம்மாள்